ஃபலூஜாவிலிருந்து பூச்சோங் வரை: ஒரு குழுவைப் போர் வளர்த்த விதம்

2016 ஜூன் 28. நோன்பு மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. விடியற்காலை 2 மணி தாண்டிய நேரம். மலேசியாவின் பூச்சோங்கில் மோவிடா என்ற பாரில் இருபது பேர் அளவில் உட்கார்ந்து ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கையெறிகுண்டு ஒன்றை வீசிவிட்டுப் போனார்கள். 8 பேர் காயமடைந்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை.

என் வீடு அப்போது அங்கிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது. காலையில் மாமாக் கடையில் தே தாரேக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், எல்லா மேசையிலும் இதே பேச்சு. "ஆலோங் (வட்டிக்காரன்) வேலையா இருக்கும்", "குண்டர் கும்பல் சண்டை, வேற என்ன" என்றார்கள். அப்படி நினைத்ததில் தப்பில்லை. 2014 அக்டோபரில் புக்கிட் பிந்தாங் பக்கம் இதே மாதிரி ஒரு கையெறிகுண்டு வெடித்து ஒருவர் இறந்திருந்தார். அது கும்பல் தகராறு. பூச்சோங் சம்பவத்தையும் போலீஸ் முதலில் வியாபாரப் போட்டி என்றுதான் பார்த்தது. ஒரு வாரம் போனது. ஜூலை 4 அன்று தேசிய போலீஸ் படைத் தலைவர் காலிட் அபு பக்கார், இது ஐ.எஸ்., அதாவது 'இஸ்லாமிய அரசு' என்ற ஆயுதக் குழுவின் வேலை என்று உறுதிப்படுத்தினார். மலேசிய மண்ணில் அவர்கள் நடத்திய முதல் தாக்குதல். கைதானவர்களில் இரண்டு போலீஸ்காரர்களும் இருந்தார்கள்.

கட்டளை வந்தது சிரியாவிலிருந்து. கொடுத்தவர் மலாக்காக்காரரான முகமட் வான்டி முகமட் ஜெடி. மனைவியோடு சிரியாவுக்குப் போய் ஐ.எஸ்.இல் சேர்ந்தவர். குண்டு வழக்கில் இருவருக்கு 2017 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தலா 25 ஆண்டு சிறை விதித்தது. வான்டி அடுத்த மாதக் கடைசியில் சிரியாவின் ரக்காவில் கொல்லப்பட்டார்.

வழக்கு அத்தோடு முடிந்தது. என் வகுப்பில் முடியவில்லை. நான் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுப்பவன். அந்த வாரம் பின்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான்: "சார், அங்க நடக்கிற சண்டைக்கும் பூச்சோங்குக்கும் என்ன சார் சம்பந்தம்?" பாட நேரம் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். பூச்சோங்கில் குண்டு விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 26 அன்று, ஈராக் படை ஃபலூஜா நகரை ஐ.எஸ்.இடமிருந்து முழுவதுமாக மீட்டுவிட்டதாக அறிவித்தது. அதற்கும் ஒரு மாதம் முன்னால் ஐ.எஸ். பேச்சாளர், நோன்பு மாதத்தில் அவரவர் இருக்கும் இடத்திலேயே தாக்குங்கள் என்று ஆதரவாளர்களுக்கு அறைகூவல் விட்டிருந்தார். நிலத்தை இழந்துகொண்டிருந்த ஒரு படை, தன் கை இன்னும் நீளம் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கை அவ்வளவு நீண்டது எப்படி என்பதுதான் கேள்வி.

ஆள், ஆயுதம், ஆத்திரம்

2003க்கு முன் இந்தக் குழு ஒரு கைப்பிடி அளவுதான். ஜோர்டானில் பிறந்த அபு முசாப் அல்-ஸர்காவி ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கம் சின்னதாக ஒரு பயிற்சி முகாம் நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்கப் படை அங்கே இறங்கியதும் ஈரான் வழியாக ஈராக்கின் வடக்கு மலைப்பகுதிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கொள்கை அன்றைக்கும் அதே கொள்கைதான், அதே கொடூரம்தான். ஆனால் அதைக் கேட்க ஆள் இல்லை.

2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுப்பு நடந்தது. மே 16 அன்று அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர், சதாமின் பாத் கட்சியில் பொறுப்பில் இருந்தவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து, மே 23 அன்று, இரண்டாவது ஆணை வந்தது: ஈராக் ராணுவம் கலைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட 4 லட்சம் பேர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், புக்கிட் ஜாலில் அரங்கத்தை நான்கு முறைக்கு மேல் நிரப்பக்கூடிய கூட்டம், ஒரே நாளில் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனது. சம்பளம் நின்றது, துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. அடுத்த மாதமே பழைய சிப்பாய்கள் பாக்தாத் தெருவில் இறங்கிச் சம்பளம் கேட்டார்கள். சுட்டதில் இருவர் இறந்தார்கள். பிறகு உதவித்தொகை அறிவித்தார்கள். ஆனால் மானம் போன மாதிரி அவர்களுக்குப் பட்டதை அந்தப் பணம் திருப்பித் தரவில்லை.

அந்த அதிகாரிகளில் ஒருவர் ஹாஜி பக்ர் என்று பின்னால் அறியப்பட்ட ஒரு கர்னல். பத்து வருடம் கழித்து சிரியாவில் ஐ.எஸ்.இன் உளவு அமைப்பை வரைபடம் போட்டுக் கட்டியவர் இவர்தான். 2014 ஜனவரியில் சிரியாவின் தல் ரிஃபாத் ஊரில் கொல்லப்பட்டபோது, அவர் வீட்டில் கையால் எழுதிய தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. எந்த ஊரில் எந்தக் குடும்பம் செல்வாக்கானது, யார் எதற்கு அஞ்சுவார், யாரை எப்படி வளைக்கலாம் என்றெல்லாம் குறித்து வைக்கும் திட்டம் அவற்றில் இருந்தது. அதில் வேதத்தைவிட ஒரு போலீஸ் அரசின் அலுவலகப் பழக்கம்தான் அதிகம் தெரிந்தது. அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது சதாமின் அரசு. வேறு முதலாளியைத் தேட வைத்தது போர்.

ஆயுதத்துக்கும் பஞ்சமில்லை. காவல் இல்லாமல் கிடந்த கிடங்குகளை யார் யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள். அல் கக்கா என்ற ஒரே இடத்திலிருந்து 300 டன்னுக்கும் அதிகமான உயர்ரக வெடிமருந்து காணாமல் போனது 2004இல் தெரியவந்தது. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகத்தின் மீது ஸர்காவியின் ஆட்கள் வண்டிகுண்டு மோதி 22 பேரைக் கொன்றார்கள். ஐ.நா. தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவும் அதில் இறந்தார்.

அப்புறம் ஆத்திரம். 2004 ஏப்ரலில், அமெரிக்கர்கள் ஈராக்கியரை அடைத்து வைத்திருந்த அபு கிரைப் சிறையின் படங்கள் வெளியாயின: தலையில் முக்காடு போட்டு, கையில் கம்பி மாட்டி, பெட்டி மேல் நிற்க வைத்த மனிதன். நூறு மேடைப் பேச்சு செய்ய முடியாததை அந்த ஒரு படம் செய்தது. ஸர்காவிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஈராக்கில் முஸ்லிம்கள் ஷியா, சுன்னி என்று இரண்டு பிரிவு; ஸர்காவி சுன்னி. ஷியாக்களை அடித்தால் அவர்கள் சுன்னிகளைத் திருப்பி அடிப்பார்கள். அடிபட்ட சுன்னிகளுக்கு வேறு போக்கிடம் இருக்காது, நம்மிடம்தான் வருவார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதியிருந்தார். 2006 பிப்ரவரியில் சமாராவில் ஷியாக்கள் போற்றும் தங்கக் குவிமாடப் பள்ளிவாசலைத் தகர்த்ததும், அவர் எழுதி வைத்தபடியே ஊர் இரண்டாகப் பிளந்து எரிந்தது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். திருப்பி அடிப்பவனின் கோபத்தையே இந்த மனிதர் தன் முதலீடாகப் போட்டிருக்கிறார்.

புக்கா முகாம்

தெற்கு ஈராக்கில், உம் கஸ்ர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பாலைவனத்தில் கம்பி வேலிக்குள் அமெரிக்கர்கள் நடத்திய தடுப்பு முகாம் புக்கா. உச்சத்தில் 20,000 பேர் வரை உள்ளே இருந்தார்கள். தீவிரவாதியும் இருந்தான், தவறான தெருவில் தவறான நேரத்தில் நின்றதால் பிடிபட்டவனும் இருந்தான். எல்லோரும் ஒரே கூடாரத்தில்.

2004 பிப்ரவரியில் பிடிபட்டு அங்கே போனவர்களில் ஒருவர், சமயப் படிப்புப் படித்த அமைதியான மனிதர். டிசம்பரில் விடுதலையானார். பின்னாளில் ஐ.எஸ். தலைவராக, அபு பக்ர் அல்-பக்தாதி என்ற பெயரில் உலகத்துக்குத் தெரிந்தவர் அவர்தான்.

அங்கிருந்த முன்னாள் கைதி ஒருவர் நிருபரிடம் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். வெளியே பாக்தாத்தில் இத்தனை பேர் ஓரிடத்தில் கூடியிருந்தால் அன்றே பிடிபட்டிருப்பார்கள். உள்ளே பாதுகாப்பாகக் கூடிப் பேச முடிந்தது என்றார். விடுதலையாகும்போது ஒருவர் தொலைபேசி எண்ணை மற்றவர் உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டியில் எழுதிக்கொள்வார்களாம். வெளியே வந்ததும் துணியைக் கிழித்து எண்களை எடுத்து, ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தார்கள். பழைய ராணுவ அதிகாரியும் பழைய போதகரும் இப்படித்தான் ஒன்று சேர்ந்தார்கள். ஒருவருக்குப் படை நடத்தத் தெரியும். இன்னொருவருக்கு ஆளைத் திரட்டத் தெரியும்.

2010: சாகக் கிடந்த குழு

இந்த ஆய்வில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்புவது இந்த இடத்தைத்தான். பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2006இல் ஸர்காவி கொல்லப்பட்டார். அந்த ஆண்டே குழு தன்னை 'ஈராக்கின் இஸ்லாமிய அரசு' என்று அறிவித்துக்கொண்டது. ஆனால் அன்பார் மாநிலத்துச் சுன்னி இனக்குழுத் தலைவர்களுக்கு இவர்கள் மேல் வெறுப்பு முற்றியிருந்தது. எங்கள் பிள்ளைகளைக் கொல்கிறார்கள், எங்கள் வியாபாரத்தைப் பிடுங்குகிறார்கள் என்று எதிர்த்து எழுந்தார்கள். 'சஹ்வா', அதாவது விழிப்பு, என்று அதற்குப் பெயர். அமெரிக்கா மாதம் 300 டாலர் அளவில் சம்பளம் கொடுத்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை ஊர்க்காவலில் வைத்தது. முன்பு எதிரிகளாக இருந்தவர்களே பலர் காவலுக்கு வந்தார்கள்.

2010 ஏப்ரலில் குழுவின் இரு தலைவர்களும் ஒரே தாக்குதலில் மாண்டார்கள். ஜூனில் அமெரிக்கத் தளபதி ஒடியர்னோ, குழுவின் முதல் 42 தலைவர்களில் 34 பேர் கொல்லப்பட்டோ பிடிபட்டோ போனார்கள் என்று சொன்னார். கொள்கை மாறவில்லை. வேதத்துக்கு அவர்கள் சொல்லும் விளக்கம் மாறவில்லை. ஆனால் சண்டை தணிந்து, ஊர்க்காரனுக்குச் சம்பளமும் கொஞ்சம் மரியாதையும் கிடைத்ததும், குழு மூச்சுத் திணறியது. மதம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அடித்துப் பேசுபவர்களிடம் நான் இந்த ஒரு வருடத்தைத்தான் காட்டுவேன்.

பிறகு என்ன ஆனது? பாக்தாத் அரசு சஹ்வா ஆட்களைக் கைவிட்டது. அவர்களில் ஐந்தில் ஒருவரைப் பாதுகாப்புப் படையில் சேர்ப்பதாகச் சொன்ன வாக்கு இழுபறியில் கிடந்தது. சம்பளம் தள்ளித் தள்ளிப் போனது. 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. 2013 ஏப்ரலில் ஹவிஜா ஊரில் போராடிய சுன்னிக் கூட்டத்தின் மீது அரசுப் படை சுட்டது. அதே ஆண்டு ஜூலையில் குழு அபு கிரைப் சிறையை உடைத்து 500க்கும் மேற்பட்டவர்களை வெளியே எடுத்தது.

இன்னொரு பக்கம், 2011இல் சிரியாவில் அமைதியாகத் தொடங்கிய போராட்டத்தை ஆசாத் அரசு சுட்டு நசுக்கப் பார்க்க, அது முழுப் போரானது. பக்தாதிக்கு இது கோடைமழை. ஆளை அனுப்பினார், எல்லை தாண்டி வேரூன்றினார். கிழக்கே எண்ணெய்க் கிணறுகள் கிடைத்தன. வரி வசூலிக்க ஊர்கள் கிடைத்தன. 2014 ஜனவரியில் ரக்கா முழுவதும் கையில் வந்தது.

2014 ஜூன் 10 அன்று ஈராக்கின் மொசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது. தாக்க வந்தவர்கள் ஆயிரத்தைச் சுற்றித்தான். காக்க வேண்டியவர்கள், காகிதக் கணக்கில், பல்லாயிரம். அந்தக் காகிதம் எப்படிப்பட்டது என்பது அந்த ஆண்டுக் கடைசியில் தெரிந்தது: ஈராக் படையில் 50,000 பேர் பெயர் மட்டும் உள்ளவர்கள், சம்பளம் மேலதிகாரி பைக்குப் போகிறது என்று பிரதமர் அபாதியே சொன்னார். செப்டம்பரில் அமெரிக்க உளவுத் துறை ஐ.எஸ்.இன் பலத்தை 20,000 முதல் 31,500 வரை என்று கணித்தது. நான்கு வருடத்துக்கு முன் செத்துக்கொண்டிருந்த குழு.

இங்கிருந்து போனவர்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எல்லோருக்கும் அவர் பாய்தான். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் போய் உட்கார்ந்தேன். "வாத்தியாரே, 2013, 14இல் பிள்ளைங்ககிட்ட முதல்ல வந்தது பிரசங்கம் இல்ல. படம்" என்றார். சிரியாவின் அலெப்போவில் இடிந்த வீட்டிலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட குழந்தை. சாம்பல் பூசிய முகம். "அந்தப் படம் பொய்யும் இல்ல. அதான் வினை." படத்துக்குப் பின்னால், நீ என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பின்னால்தான் ஆள் வந்தான்.

மலேசியாவிலிருந்து நூறு பேருக்கு மேல் சிரியாவுக்கும் ஈராக்குக்கும் போனார்கள். உலகம் முழுவதும் 80க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 2015 கடைசிக்குள் ஏறத்தாழ 30,000 பேர். மலேசியரும் இந்தோனேசியரும் சேர்ந்து 'கதீபா நுசாந்தாரா' என்ற தனிப் படைப்பிரிவே வைத்தார்கள். மலாய் பேசினால் போதும். வான்டி போன்றவர்கள் இந்த வட்டத்தில் நின்றுதான் ஊரில் உள்ளவர்களோடு பேசினார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் இறங்கியதும், இந்தப் பகுதி இளைஞர்கள் பாகிஸ்தான் எல்லை முகாம்களுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். 1985 முதல் மலேசியாவில் தஞ்சம் இருந்த அப்துல்லா சுங்கார்தான் 1993இல் ஜமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பைத் தொடங்கினார். ஆப்கான் போரில் கற்ற வெடிகுண்டு வித்தை 2002 அக்டோபர் 12 அன்று பாலியில் 202 உயிர்களை எடுத்தது. அதில் முக்கியமானவரான அசஹாரி ஹூசின், ஜொகூரில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். போர் முடிந்து பதின்மூன்று வருடம் கழித்து, அந்தப் போரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஊரில் அதன் பலன் விழுந்தது.

நம் வீட்டுக் கதைகள்

இதையெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னபோது, ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். யாழ்ப்பாணத்து வேர். "தம்பி, 83ஐ விட்டுட்டீங்களே" என்றார்.

விட்டிருக்கக் கூடாதுதான். 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் 13 சிப்பாய்களைக் கொன்றார்கள். அன்று புலிகள் என்றால் சில பத்துப் பேர். அடுத்த நாளிலிருந்து கொழும்பில் தமிழர்கள் வீடுவீடாக எரிக்கப்பட்டார்கள். வெலிக்கடைச் சிறையில் மட்டும் 53 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு இயக்கங்களில் சேர வரிசையில் நின்ற இளைஞர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதில் நம் வீடுகளில் இன்றும் சண்டை வரும். மலேசிய அரசு 2014இல் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஐ.எஸ்.ஸோடு ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. சில பத்துப் பேரை ஆயிரங்களாக்கியது எது என்று மட்டும் கேட்டால், பெரியவர் சொன்னதுதான் விடை. "எங்கட வீட்டை எரிச்சவங்கதான் பொடியளைச் சேர்த்துக் குடுத்தவங்கள்."

என் பாட்டியின் கதையும் உண்டு. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான் காலத்தில் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஆங்கிலேயரே வானிலிருந்து ஆயுதம் போட்டார்கள், ஜப்பானியரை எதிர்க்க. 1945 கடைசியில் படையைக் கலைத்து ஆயுதத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒரு பங்கு காட்டுக்குள் புதைந்துவிட்டது. 1948இல் அவசரகாலம் வந்தபோது அது வெளியே வந்தது. அப்போது அரசு அவர்களைப் பயங்கரவாதிகள் என்றது. காட்டுக்கு உணவு போகக் கூடாதென்று தோட்டத்து வாசலில் சோதனை. பாட்டி காலைப் பசியாற ஒரு உருண்டை சோறுகூட மரத்தடிக்கு எடுத்துப் போக முடியாது. மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு வெட்டுவாராம். துப்பாக்கி பிடித்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், பசி பாட்டிக்கு. அதே காலத்தில்தான் தொழிற்சங்கத் தலைவர் கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நியாயம் பேச ஒரு வாசலாவது திறந்திருந்தால் சிலர் அந்த வாசலில் நிற்பார்கள். அதை மூடிவிட்டு, ஏன் காட்டுக்குப் போனாய் என்று கேட்டால் எப்படி?

பிறகும் போர்தானே வென்றது?

இந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்கவில்லை. மொசூல் 2017 ஜூலையில் மீட்கப்பட்டது. 2019 மார்ச்சில் பாகூஸ் கிராமத்தோடு ஐ.எஸ்.இன் கடைசி நிலம் போனது. ஆயுதம் இல்லாமல் அது நடந்திருக்காது. ஈராக்கின் சிறுபான்மையினரான யாஸிதிகளின் பெண்களை விலைக்கு விற்றவர்களிடம் பேச்சு வார்த்தை நடத்தியிருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மேற்கு மொசூல் தரைமட்டமானது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் அதில் இறந்தார்கள். சிரியாவின் அல்-ஹோல் முகாமில் 2019இல் 70,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், பிள்ளைகள். கம்பி வேலி, கூடாரம், யார் எவர் என்று பிரிக்காத கூட்டம். புக்காவைப் படித்தவன் அல்-ஹோல் படத்தைப் பார்த்தால் தூங்க முடியாது.

சட்டத்தின் பக்கமும் இதே கவலைதான். 2019 அக்டோபரில் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரை, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட, சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் மலேசியாவில் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்கைக் கைவிட்டார். நான்கு மாதம் உள்ளே. பூச்சோங் குண்டை வீசியவர்களைப் பிடித்ததும் இதே சட்டம்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் நான்கு மாதம் அப்பா எங்கே என்று கேட்ட பிள்ளைகளுக்கு அது சமாதானம் ஆகாது.

பாயிடம் திரும்பிப் போகிறேன். 2014இல் அவருடைய அக்கா மகன் போனில் அலெப்போப் படங்கள் இருந்ததைப் பார்த்து, போனைப் பிடுங்கி வீசியிருக்கிறார். பையன் எங்கேயும் போகவில்லை. ஆனால் ஒரு வருடம் மாமாவோடு பேசவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவன் யாரோடு பேசினான் என்பது இன்றும் எனக்குத் தெரியாது வாத்தியாரே, என்றார்.

2023 அக்டோபருக்குப் பிறகு காஸாப் படங்கள் வரத் தொடங்கின. இப்போது போன் அவருடைய கடைசி மகன் கையில், பதினாறு வயது. கடையில் கூட்டம் குறையும் மதிய நேரத்தில் அவன் வந்து நீட்டினால், பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணிக்கட்டு மேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, படம் முடியும் வரை கூடவே பார்க்கிறார். அழுகை வந்தால் அழுகிறார். பிறகு மெதுவாகக் கேட்கிறார்: "இத உனக்கு யாருப்பா அனுப்புனாங்க?"